வார்டில் முதல் ரொட்டேஷன்: நான் அங்கே எதற்கு நிற்கிறேன் என்றே தெரியவில்லை

சேட்ஸ்வர்த் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் மருத்துவம் படிக்கிறேன். இத்தனை நாள் வகுப்பு, அனாடமி, பரீட்சை என்று ஓடியது, இந்த வருடம்தான் வார்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதல் ரொட்டேஷன் இன்டர்னல் மெடிசின், ஒரு அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். இந்தக் குழுவில் டாக்டர்களும் சிஸ்டர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும். வீட்டில் ஆயாவோடு பேசிப் பழகிய மொழியில்தான் இதையெல்லாம் மனசு விட்டுச் சொல்ல வருகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

காலையில் முந்தின இரவு இன்டேக்கில் வந்தவர்களை வைத்து ரவுண்டு ஆரம்பமாகும். கன்சல்டன்ட், ரெஜிஸ்ட்ரார், மெடிக்கல் ஆஃபீசர், இன்டர்ன், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ட்ரிப் ஸ்டாண்டை ஒட்டி நிற்கிறேன். சிஸ்டர் மருந்து வண்டியோடு வந்தால் விலகுகிறேன், போர்ட்டர் வந்தால் விலகுகிறேன், நோயாளியின் மகள் சாப்பாடு கொண்டு வந்தால் அவளுக்கும் விலகுகிறேன். நாள் முழுக்க விலகுவதுதான் என் வேலை என்று தோன்றிவிட்டது. என்னால் அங்கே ஒருவருக்கும் ஒரு உபகாரமும் இல்லை. ரத்தம் எடுக்கச் சொன்னால் கை நடுங்குகிறது. ஜூலு பாஸ் பண்ணியிருக்கிறேன், ஆனால் ஒரு பாட்டி வேகமாகப் பேசினால் பாதிதான் புரிகிறது.

எங்கள் கன்சல்டன்ட் நோயாளியின் எதிரிலேயே கேள்வி கேட்பார். சோடியம் ஏன் இறங்கியது, காரணங்களைச் சொல் என்பார். போன வாரம் என் தோழி பதில் தெரியாமல் நின்றபோது, இவளிடம் உயிரைக் கொடுக்கப்போகிறவர்கள் பாவம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கட்டிலில் படுத்திருந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், நான் கேஸ் எழுதிய ஒரு கோகோ, ஜூலுவில் பாட்டி, இறந்துவிட்டார். இதய பலவீனம், கால் இரண்டும் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு யார் வீட்டுப் பிள்ளை, அம்மா என்ன செய்கிறாள் என்றெல்லாம் விசாரித்தார். திங்கட்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஒருவர். யாரும் எதுவும் சொல்லவில்லை, ரவுண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை.

கடைசியாக ஒன்று. வார்டில் பாதிப் பேருக்கு டிபி, அல்லது டிபியோ என்று சந்தேகம். வீட்டில் ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. நான் எதையாவது கொண்டுபோய் அவருக்குக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீங்களெல்லாம் இந்த முதல் மாதங்களை எப்படித் தாண்டினீர்கள்?

மெரபேங்க் அண்ணன்:

தங்கச்சி, நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் மெடிக்கல் ஆஃபீசராக இருக்கிறேன். நீ நின்ற அதே மூலையில் நானும் நின்றிருக்கிறேன்.

முதலில் ரவுண்டு. எல்லா நோயாளியையும் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஒருவரைப் பற்றியும் தெரியாமல் போகும். இரண்டு பேரை எடுத்துக்கொள், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ரவுண்டுக்கு முன்னாலேயே போய் அவர்களைப் பார்த்துவிடு. ராத்திரி ஜுரம் வந்ததா, எவ்வளவு சிறுநீர் போனது, ட்ரிப் இறங்குகிறதா, இல்லை கை வீங்கி நின்றுபோயிருக்கிறதா, நேற்று அனுப்பிய ரத்தத்தின் ரிசல்ட் வந்ததா, காலைக் கஞ்சியைச் சாப்பிட்டாரா. இன்டர்னுக்கு ஒரே காலையில் முப்பது பேரைப் பார்க்க வேண்டும், இதெல்லாம் அவர் தலையில் நிற்காது. பொட்டாசியம் என்ன என்று கன்சல்டன்ட் கேட்டு இன்டர்ன் ஃபைலைப் புரட்டும்போது நீ எண்ணைச் சொன்னால், அந்த ரவுண்டில் உன்னை யாரும் விலகச் சொல்ல மாட்டார்கள்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது, படித்துவிட்டு வருகிறேன் என்று நேராகச் சொல். மறுநாள் அவர் கேட்கக் காத்திராமல் நீயே போய்ச் சொல். ஆனால் உன் தோழியிடம் அவர் பேசியது பாடம் நடத்துகிற விதம் இல்லை, அதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத் தேவையும் இல்லை. தேதி, வார்டு, சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ரொட்டேஷனைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போங்கள். எங்கள் காலத்திலும் இப்படித்தான், தாங்கிக்கொண்டோம் என்று சீனியர்கள் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. தாங்கிக்கொண்டவர்களில் சிலர்தான் இன்றைக்கு அதையே ஜூனியர்களுக்குச் செய்கிறார்கள்.

இப்போது கை நடுக்கம். ஜெல்கோ, அதாவது ட்ரிப் ஏற்ற ஊசியோடு உள்ளே போகும் பிளாஸ்டிக் குழாய், அதைப் போடுவதை யாரும் நிதானமாகச் சொல்லித் தர மாட்டார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அவசரப்பட்டு முழங்கை மடிப்புக்குப் போகாதே, கை மடங்கும்போதெல்லாம் ட்ரிப் நிற்கும். முன்கையில் தேடு. டூர்னிக்கேயை, கையை இறுக்கும் பட்டையை, கட்டிவிட்டுக் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல், ஒரு நிமிடம் பொறு. குளிர்ந்த கையாக இருந்தால் வெதுவெதுப்பான துணியைச் சுற்று. நரம்பைக் கண்ணால் தேடாதே, விரலால் அழுத்திப் பார், ஸ்பிரிங் மாதிரி எழும்பி வர வேண்டும். இடது கட்டைவிரலால் தோலைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள், பாதி நரம்பு நழுவுவது அதைச் செய்யாததால்தான். ஊசி உள்ளே போய்ப் பின்னால் ரத்தம் தெரிந்ததும் எல்லோரும் சந்தோஷத்தில் பிளாஸ்டிக்கைத் தள்ளிவிடுவார்கள். தள்ளாதே. கோணத்தைத் தாழ்த்தி இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போ, ஊசி முனை மட்டும் நரம்புக்குள் போனால் போதாது, பிளாஸ்டிக்கின் வாயும் போக வேண்டும். அதற்கப்புறம்தான் பிளாஸ்டிக்கை முன்னே நகர்த்து. டூர்னிக்கேயை அவிழ்த்துவிட்டுத்தான் ஊசியை வெளியே எடு. எடுத்த கையோடு ஊசி மஞ்சள் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். டப்பாவை முதலிலேயே கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள், கட்டிலில், தலையணை ஓரத்தில், கிட்னி டிஷ்ஷில் என்று எங்கேயும் வைக்காதே. இரண்டு தடவை குத்தியும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு வேறொருவரைக் கூப்பிடு, அது நோயாளிக்குச் செய்யும் மரியாதை.

ரத்தம் எடுக்கும்போது டியூப் வரிசை முக்கியம். கல்ச்சர் பாட்டில் முதலில், பிறகு நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அதை முதலில் நிரப்பிவிட்டு மஞ்சளுக்குப் போனால் துளி ஒட்டிக்கொண்டு போய்ப் பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். நன்றாக இருக்கும் மனிதருக்கு அந்த எண்ணைப் பார்த்து ராத்திரி முழுக்க வைத்தியம் நடக்கும். பெயரையும் ஃபைல் நம்பரையும் கட்டிலின் பக்கத்தில் நின்றே ஒட்டு, மேசைக்குக் கொண்டுபோய் ஒட்டாதே.

ஊசி குத்திவிட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு, பிதுக்காதே, உடனே சீனியரிடம் சொல். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு, அதுதான் ஆபத்து. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 300ல் 1. மருந்து எடுத்தால் அதுவும் வெகுவாகக் குறையும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி முழுக்கப் போட்டிருக்கிறாயா என்று இன்றைக்கே பார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

கண்ணு, நான் பல வருடம் மெடிக்கல் வார்டில் இருந்தவள். உன் கோகோ பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும், மற்றதைத் தம்பி நன்றாகவே சொல்லிவிட்டார்.

ரவுண்டு நகர்ந்துவிட்டது என்பதால் யாருக்கும் வருத்தமில்லை என்று எண்ணிக்கொள்ளாதே. நீ வருவதற்கு முன்னால் ராத்திரி ஷிப்ட் பெண்கள் அவருக்குக் கண்ணை மூடி, கை காலை நேராக வைத்து, உடம்பைத் துடைத்து, பெயர்ச்சீட்டுக் கட்டி, அவருடைய துணி, பல்செட், கைப்பை எல்லாவற்றையும் இரண்டு பேர் கையெழுத்தோடு புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதெல்லாம் உன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை உன் நோயாளி யாராவது போய்விட்டால், டாக்டரிடம் கேட்காதே, வார்டு சிஸ்டரிடம் போய், நேற்று இரவு என்ன ஆயிற்று, கூட யார் இருந்தார்கள் என்று கேள். உட்காரவைத்துச் சொல்வார்கள். நீ அங்கே இருக்கும் நேரத்தில் நடந்தால், நானும் கூட இருந்து செய்யட்டுமா என்று கேள். அந்த வேலையைக் கையால் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்குச் சோறு இறங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று நீ பார்க்கப்போகிறாய், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இறந்த சில நாள் கழித்து ஜூலு குடும்பத்தார் உம்லஹ்லான்கோசி மரத்தின் முள்கிளை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வருவார்கள். உயிர் பிரிந்த அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்று, அம்மா, வாருங்கள், வீட்டுக்குப் போகலாம் என்று பேசுவார்கள். கிளையைப் பிடித்திருப்பவர் வழியில் மற்றவர்களோடு பேச மாட்டார், போனவரோடு மட்டும்தான் பேசுவார். ஆறு தாண்டுகிறோம், வண்டியில் ஏறுகிறோம் என்று சொல்லிக்கொண்டே கூட்டிப் போவார்கள், டாக்ஸியில் அந்த உயிருக்கும் ஓர் இடத்துக்குக் காசு கொடுப்பவர்கள் உண்டு. கட்டிலில் அப்போது வேறு நோயாளி இருப்பார், அவருக்கு முன்னாலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். நீ ஒதுங்கி நின்று வழி விடு. அந்த விலகல் விலகல்தான், ஆனால் அது வேலை.

டாக்டர் குணம் என்ற அம்மாவைப் பற்றி உன் ஆயாவைக் கேட்டுப் பார். நம் தமிழ்ப் பெண், டர்பனில் பிறந்தவர், இங்கே படிக்க வழி இல்லாமல் 1928ல் கப்பலேறி எடின்பரோ போய் 1936ல் டாக்டராகத் திரும்பினார். இந்த நாட்டின் முதல் இந்தியப் பெண் டாக்டர். டர்பனில் நம் பிள்ளைகளுக்கும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குமான மருத்துவப் பள்ளி 1951ல்தான் திறந்தது. கேப் டவுனில் படித்த நம் பிள்ளைகளை வெள்ளையர் வார்டுக்குள்ளேயே விடவில்லை, கதவுக்கு வெளியே நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். இதை உன் கஷ்டம் சின்னது என்று காட்டச் சொல்லவில்லை, கண்ணு. சுவரை ஒட்டி நிற்கிறேன் என்கிறாயே, அந்தச் சுவருக்கு உள்ளே உன்னை நிற்க வைக்க எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். நீ அங்கே நிற்பதற்கு யாரிடமும் கூச வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டாக்டர்:

நான் மதுரைக்காரி, கல்யாணமாகி இங்கே வந்து பரீட்சை எழுதிச் சேர்ந்தவள். ஜூலு ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வார்டுக்குள் போனேன், அதனால் அந்தக் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

உன்னால் உபகாரமில்லை என்றாய் அல்லவா, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்டில் இருக்கும் எல்லோரிடமும் இல்லாத ஒன்று மாணவரிடம் இருக்கிறது, நேரம். எங்கள் வார்டுக்கு ஒருமுறை நாற்பது வயது சொச்சத்தில் ஒரு பெண் வந்தார். வாந்தி, மஞ்சள் காமாலை, சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி மயக்கம், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறுகிறது. ஃபைலில் வேறு மருந்து எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரியில் கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மறுநாள் ஒரு மாணவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்க வந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தான். வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, எப்போது உடம்பு முடியாமல் போனது, முதலில் யாரிடம் காட்டினீர்கள் என்று. திட்டுகிற தொனி துளியும் இல்லை. அரை மணி கழித்து அந்த அக்கா, ஒரு வேரைக் காய்ச்சிக் கொடுத்தார்கள், இம்பிலா என்றார். இந்த மாகாணத்தில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் போதும், ஈரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேர அடிக்கும், சர்க்கரையையும் இறக்கும். ரெஜிஸ்ட்ரார் அங்கேயே நின்று மருந்துச் சீட்டை மாற்றி எழுதினார். ரவுண்டில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்தும் அந்த ஒரு தகவலை எடுக்க முடியவில்லை.

அதனால் நின்றுகொண்டு கேட்காதே, உட்கார். வயதானவரிடம் ஸனிபோனானி என்று மரியாதையாகத் தொடங்கு, பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கோகோ, பாபா, மாமா என்று கூப்பிடு, பாபா என்றால் அப்பா, மாமா என்றால் ஜூலுவில் அம்மா, நம் வீட்டு முறைதானே. நான் மாணவி என்பதைச் சொல்லிவிடு, அவர்கள் டோகோடெலா, டாக்டர், என்று கூப்பிட்டாலும் திருத்து. சின்ன வயதுக்காரர் உன் கண்ணைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பேசினால் எதையோ மறைக்கிறார் என்று எழுதிவிடாதே, அது மரியாதை. வேகமாகப் பேசினால் மெதுவாகச் சொல்லுங்கள் கோகோ, நான் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார், எந்தப் பாட்டியும் கோபித்துக்கொண்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட வந்து சொல்லித் தருவார்கள். ஆனால் எச்ஐவி, கர்ப்பம், வீட்டுச் சண்டை மாதிரி விஷயங்களுக்குப் பக்கத்துக் கட்டிலையும் சொந்தக்காரரையும் மொழிபெயர்க்க வைக்காதே. அதற்குச் சிஸ்டரைக் கூப்பிடு, திரையை இழு.

உன் ஆயா விஷயத்துக்கு வருகிறேன். டிபி காற்றில் வருவது, துணியிலோ தட்டிலோ டம்ளரிலோ வராது. வாசலில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்றெல்லாம் இல்லை, சுத்தத்துக்காகச் செய்தால் செய். ஆயாவுக்கு வர வேண்டுமென்றால் முதலில் உனக்கு நோய் வந்து நீ இருமியாக வேண்டும். ஆகவே உன்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் ஆயாவைக் காப்பாற்றுவது. டிபி உள்ளவரோ சந்தேகத்தில் இருப்பவரோ இருக்கும் அறையில் உனக்கு என்95, நோயாளிக்குச் சாதா மாஸ்க். உள்ளே போனதும் ஜன்னல்களைத் திற, குளிர்காலத்தில் யாராவது மூடியிருப்பார்கள், திரும்பவும் திற. சளி எடுக்கும்போது அதே அறையில் நிற்காதே. மாத்திரை தொடங்காத நோயாளிதான் அதிக ஆபத்து, சரியான மருந்து ஆரம்பித்துவிட்டால் பரவுவது சீக்கிரம் குறைந்துவிடும். உனக்கே இருமல், ஜுரம், ராத்திரி வியர்வை, எடை குறைதல் இந்த நாலில் ஒன்று வந்தாலும் பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதே, சளியைக் கொடு. ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும், இந்த நாட்டில் 2011லிருந்து இருக்கிறது. சாதாரண டிபி என்றால் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து, ஆறு மாதத்தில் குணமாகும் நோய். ஆயாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார், அது ஏறி இருந்தால் டிபி சுலபமாகப் பிடிக்கும். அவருக்கு இருமல் இரண்டு வாரம் விடாமல் இருந்தால் அவரையும் கூட்டிப் போ.

சேட்ஸ்வர்த் பொண்ணு:

அண்ணா, சிஸ்டர் ஆன்ட்டி, அக்கா, மூவருக்கும் நன்றி. இன்றைக்கு ரவுண்டுக்கு முன்னாலேயே போய் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவருடைய ட்ரிப் கையெல்லாம் வீங்கி நின்றுபோயிருந்தது, சொன்னதும் இன்டர்ன் வந்து மாற்றினார், டூர்னிக்கே கட்டுவதை என்னிடமே விட்டார். தோழியோடு பேசிவிட்டேன், நடந்ததை எழுதி வைத்திருக்கிறோம், வியாழக்கிழமை நாலு பேராகப் போகிறோம். ஆயாவிடம் டாக்டர் குணம் பற்றிக் கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினார், எனக்கு முன்னால் யாரும் சொல்லாதது எல்லாம்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம், எனக்கில்லை, எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பையனுக்கு. காவடிக்கு விரதம் இருக்கிறான், காவடி முடியும் வரை தாடி எடுக்க மாட்டான். என்95 மாஸ்க் போட்டால் பரவாயில்லையா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டாக்டர்:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. என்95 முகத்தோடு ஒட்டி நின்றால்தான் என்95, தாடி வழியாகக் காற்று பக்கவாட்டில் நுழைந்துவிடும், மேலே இன்னொரு மாஸ்க் போட்டாலும் அதே கதைதான். விரதம் அவனுடையது, எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் டிபி அறைக்குள் போகாமல் இருக்க வார்டு இன்சார்ஜிடமும் ரெஜிஸ்ட்ராரிடமும் அவனே முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மற்ற நோயாளிகளை எடுத்துக்கொள்ளட்டும், டிபி கேஸ்களை நீங்கள் எடுங்கள், காவடி முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். தாடி எடுத்தபிறகு ஆக்குபேஷனல் ஹெல்த்தில் ஃபிட் டெஸ்ட் கேட்டு வாங்கச் சொல். மாஸ்க்கைப் போட்டுவிட்டுத் தலைக்கு மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து உள்ளே கசப்பு மருந்தை அடிப்பார்கள், நாக்கில் கசப்புத் தெரிந்தால் அந்த மாஸ்க் அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை, வேறு அளவு கொடுப்பார்கள். நீயும் இன்னும் செய்யவில்லையென்றால் அவனோடு சேர்ந்து போ.